எழுத வரவில்லையா? பென்சிலை விட்டுவிட்டுப் பிள்ளையின் உடம்பைப் பாருங்கள்

"மிஸ், பென்சிலே பிடிக்க மாட்டேங்கிறான். ரெண்டு வரி எழுதறதுக்குள்ள கை வலிக்குதுங்கிறான்." வகுப்பு தொடங்கிச் சில வாரங்களில் என்னிடம் வரும் புகார்களில் இதற்குத்தான் முதலிடம். பதிலுக்கு நான் கேட்பது பல பெற்றோருக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வியாகத் தோன்றும். மாடிப்படியில் எப்படி இறங்குகிறான்? படிக்கு ஒரு காலாக வைக்கிறானா, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குகிறானா? ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்பான்? தரையில் உட்காரச் சொன்னால் முதுகு நிமிர்ந்து நிற்குமா, சுவரைத் தேடிப் போகுமா?

வருடக்கணக்காக மழலையர் வகுப்பெடுத்ததில் எனக்கு உறைத்த விஷயம் இது. எழுதத் திணறும் பிள்ளைக்கு எழுத்துப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் பிள்ளைக்கு நோட்டைக் கண்டாலே வெறுப்பு வருகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. சிக்கல் விரலில் தெரிகிறது. ஆனால் அது இருக்கும் இடம் தோளாக இருக்கலாம், இடுப்பாக இருக்கலாம், சில சமயம் காதாகவோ கண்ணாகவோகூட இருக்கலாம். அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் எழுத்துப் பயிற்சிக்கும் பலன் தெரிகிறது.

ஒரு பையன் இருந்தான். வாய் ஓயாது. கதை சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான். நோட்டைத் திறந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவான். முதலில் இடது முழங்கை மேஜைமேல் ஏறும், அந்தக் கையில் தலை சாயும். கால் இரண்டும் நாற்காலிக் காலைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். வலது கை, நகக்கண் வெளுக்கிற அளவுக்குப் பென்சிலை இறுக்கிப் பிடித்திருக்கும். தாளைத் திருப்பித் தடவினால் ஒவ்வொரு கோடும் விரலில் தட்டுப்படும். ஐந்தாறு எழுத்துக்குள் பென்சில் உருண்டு கீழே விழும். எடுக்க மேஜைக்கடியில் போனவன் லேசில் வெளியே வரமாட்டான்.

சேட்டை என்று சொல்லி முடித்துவிடலாம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வேறு கதை. முதுகும் வயிறும் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கவே திணறுகின்றன. தலையைத் தாங்க ஒரு கை போய்விட்டது. அதனால் தாளைப் பிடிக்கக் கை இல்லை. தாள் நகர்கிறது. நகராமலிருக்க அவன் பென்சிலால் அழுத்துகிறான். அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது. இதில் எந்த இடத்தில் போய் "பென்சிலைச் சரியாப் பிடி" என்று சொல்வது?

அவனுக்கு முதலில் செய்தது காலுக்கடியில் ஒரு பெட்டியை வைத்ததுதான். பாதம் முழுதாகத் தரையில் படவேண்டும், முட்டி ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்கவேண்டும், மேஜையின் உயரம் பிள்ளையின் முழங்கைக்குச் சற்று மேலே இருக்கலாம், அவ்வளவுதான். இதன் அருமை தெரிய வேண்டுமானால் நீங்களே ஒரு உயரமான மேஜையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். பெரியவர்கள் சாப்பிடும் மேஜையில், கால் அந்தரத்தில் ஆட, எத்தனை பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கின்றன!

அடுத்து, உட்கார்ந்து எழுதுவதைச் சில வாரம் அப்படியே நிறுத்திவைத்தோம். மற்றவர்கள் நோட்டில் எழுதும்போது அவன் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் நின்றுகொண்டு வரைந்தான். அல்லது தரையில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு வண்ணம் தீட்டினான். குப்புறப் படுத்தால் கழுத்து, தோள், முதுகு மூன்றுக்கும் வேலை வந்துவிடும், பிள்ளைக்கோ அது விளையாட்டு. கரடி நடை, நண்டு நடை, தவழ்ந்து மேஜைக்கடியில் புகுந்து போவது எல்லாம் தினமும் நடந்தன. நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவைக்கும் வேலையை அவனுக்கே கொடுத்தேன். முதலில் மாறியது கையெழுத்து அல்ல. தலையைத் தாங்கிக்கொண்டிருந்த இடது கை கீழே இறங்கித் தாளைப் பிடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவன் நோட்டைத் திரும்ப எடுத்தேன்.

இந்த நிமிர்ந்து நிற்கும் திறன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், கைக்குழந்தைப் பருவத்துக்கே போகவேண்டியிருக்கும். குழந்தையை மல்லாத்தித்தான் தூங்கவைக்க வேண்டும், அதில் சமரசமே கிடையாது. ஆனால் விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாடவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தவழ ஆரம்பிக்காத குழந்தைக்கு நாளில் குறைந்தது 30 நிமிடம் இப்படிக் கிடைக்க வேண்டும் என்கிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளில் குறைந்தது 180 நிமிட உடல் இயக்கம், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு. ஸ்க்ரீன் முன்னால் உட்காருவது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. இந்த 180 நிமிடத்தைக் கேட்டதும் பெற்றோர் முகம் வாடும். மொத்தமாகச் சேர்த்து வைத்துச் செய்யவேண்டியதில்லை. நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நடை, ஓட்டம், ஏறி இறங்குவது எல்லாம் கணக்கில் சேரும்.

உள்காதைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. கேட்பதோடு காதின் வேலை முடிந்துவிடுவதில்லை. உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடம்பு சாய்கிறதா, வேகம் கூடுகிறதா என்பதையெல்லாம் அவைதான் மூளைக்குச் சொல்கின்றன. தலை அசையும்போது பார்வை நழுவாமல் கண்ணைப் பிடித்து நிறுத்துவதும் இதே அமைப்பின் தயவில்தான். போர்டைப் பார்த்து, குனிந்து நோட்டைப் பார்த்து, மறுபடி நிமிர்ந்து விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஒரு பிள்ளை இதை எத்தனை தடவை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஊஞ்சல், சறுக்கு, உருளுதல், தலைகீழாகத் தொங்குதல் எல்லாம் இந்த அமைப்புக்கான தீனி. ஒரு நிபந்தனை மட்டும்: வேகமும் நேரமும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். நாமாகச் சுழற்றிவிடக் கூடாது. முகம் வெளுத்தாலோ, வியர்த்தாலோ, குமட்டுகிறது என்றாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். ஊஞ்சலுக்கே பயப்படும் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து ஆட்டுவது கொடுமை. கால் தரையில் படும் உயரத்தில் ஊஞ்சலை இறக்கிக் கட்டிவிட்டு, தானாக வந்து உட்காரும்வரை காத்திருக்கலாம்.

தானாகச் செய்வதற்கும் செய்விக்கப்படுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு 1963-இல் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹெயினும் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. இரண்டு பூனைக்குட்டிகளை ஒரு ராட்டினத்தின் இரு முனைகளில் கட்டினார்கள். ஒன்று தன் காலால் நடக்கும். மற்றது தொட்டிலில் உட்கார்ந்தபடி அதன் பின்னாலேயே சுற்றும். கண்ணில் பட்ட காட்சி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நடந்த குட்டிக்கு ஆழமும் தூரமும் புரிந்தன. தூக்கிச் செல்லப்பட்ட குட்டி அந்தச் சோதனைகளில் தடுமாறியது. பூனையிடம் கண்டதை அப்படியே பிள்ளைக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் தள்ளுவண்டியிலும் கார் இருக்கையிலும் நாளைக் கழிக்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு அந்த இரண்டாவது குட்டியின் நினைப்பு வராமல் இருப்பதில்லை.

இன்னொரு புலன், ஐம்புலன் பட்டியலில் சேராதது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொடமுடிகிறதே, அதற்குக் காரணமானது. தசையிலும் தசைநாரிலும் மூட்டிலும் உள்ள உணர்விகள், எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் கொடுக்கிறது என்று ஓயாமல் தகவல் அனுப்புகின்றன. இதற்கு 'புரோப்ரியோசெப்ஷன்' என்று பெயர் வைத்தவர் சார்லஸ் ஷெரிங்டன் என்ற நரம்பியல் அறிஞர், 1906-இல். வகுப்பில் இந்தப் புலன் மந்தமாக இருக்கும் பிள்ளையை எளிதாக அடையாளம் காணலாம். கிரேயான் கையில் எடுத்தால் ஒடியும், அல்லது கோடு போட்டது கண்ணுக்கே தெரியாது. நண்பனைத் தட்டிக்கொடுக்கப் போய் அடித்துவிடும். வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்மேல் சாயும்.

இதற்கு நான் நம்புவது கனமான வேலைகளைத்தான். வாளியில் பாதி நீர் நிரப்பித் தூக்கி வருவது, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது, புத்தகக் கட்டைச் சுமப்பது, சுவரை இரண்டு கையாலும் தள்ளுவது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு முன்னால் பத்து நிமிடம் இப்படிப் போனால், எங்கள் வகுப்பில் நெளிவதும் எழுந்து ஓடுவதும் குறைகிறது. ஆகவே தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. நெளிகிற பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை.

இனி கைக்கு வருவோம். பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அங்குள்ள எட்டு எலும்புகளில் பெரும்பாலும் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாக இருக்கும். ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் எலும்பாகின்றன, கடைசி எலும்பு தெரிய ஒன்பது பத்து வயதுகூட ஆகலாம். இந்தப் படத்தைக் காட்டி, ஏழு வயதுக்கு முன் பென்சிலே கூடாது என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். அது மிகை. குருத்தெலும்பு உள்ள கையாலும் பிள்ளை பொத்தான் போடுகிறது, கத்தரிக்கோல் பிடிக்கிறது. பொறுமை வேண்டும் என்ற அளவில் அந்தப் படம் சரி.

பிடியும் வயதோடுதான் மாறும். ஒன்றரை வயதில் கிரேயானை முஷ்டிக்குள் அடக்கிப் பிடிக்கும், தோளிலிருந்து கை முழுதும் அசையும். இரண்டு மூன்று வயதில் விரல்கள் கீழ்நோக்கி நீளும். மூன்றரை, நான்கில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேரும், ஆனால் அசைவு மணிக்கட்டில்தான். விரல்களே அசைந்து எழுதுவது நாலரை முதல் ஆறு வயதுக்குள் வரும். மூன்று வயதுப் பிள்ளையின் விரல்களைப் பிரித்து மடக்கி "சரியான பிடி"க்குள் திணிப்பவர்கள் இந்த வரிசையில் இரண்டு படியைத் தாண்டச் சொல்கிறார்கள்.

நான் செய்வது கிரேயானை ஒடித்துக்கொடுப்பது. கட்டைவிரல் நுனி அளவுத் துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாகச் சேரும். சாக்பீஸ் துண்டும் அப்படியே. செங்குத்தான பரப்பில் எழுதினால் மணிக்கட்டு பின்னோக்கி வளைந்து நிற்கும், எழுத்துக்கு அந்த நிலைதான் வேண்டும். ஆகவே சுவரும் கரும்பலகையும் நோட்டைவிட நல்ல தொடக்கம். களிமண்ணை உருட்டி நசுக்குவது, தாளைக் கிழிப்பது, துணி கிளிப்பை அழுத்தித் திறப்பது, பஞ்சில் நீரை உறிஞ்சி இன்னொரு பாத்திரத்தில் பிழிவது, மூடி திருகுவது எல்லாம் விரலுக்கு உடற்பயிற்சி. மரியா மான்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறையில், சின்னக் குமிழ் வைத்த உருளைகளை மூன்று விரலால் தூக்கி அதனதன் குழியில் பொருத்தும் கருவி ஒன்று உண்டு. பார்க்க அளவு பற்றிய பாடம், பிள்ளைக்கே தெரியாமல் பென்சில் பிடியும் அதற்குள் இருக்கிறது.

எழுத்துக்கு முன் வடிவம். படுக்கைக் கோட்டுக்கு முன்னால் நிற்கும் கோடு வரும், மூன்று வயதை ஒட்டி வட்டம், நான்கில் கூட்டல் குறி, அதன்பின் சதுரம், ஐந்தை ஒட்டிச் சாய்கோடும் முக்கோணமும். சாய்கோடுகள் இரண்டை குறுக்காக வெட்டிப் பெருக்கல் குறி போட வராத பிள்ளைக்கு எழுத்து தவிப்பாகத்தான் இருக்கும். நம் எழுத்துகளில் ட, ப, ம இவற்றை முதலில் எடுப்பதன் நியாயமும் இதுவே. நேர்க்கோடும் மூலையும் வந்த பிள்ளை ட போட்டுவிடும். அ-வில் சுழி இருக்கிறது, வளைவு இருக்கிறது, கோடு திரும்பி வந்து வெட்டுகிறது. அகர வரிசையை மதித்து அ-வில்தான் தொடங்குவேன் என்று நிற்பவர்கள், வாயால் அகர வரிசை சொல்லட்டும், கையால் ட எழுதட்டும்.

புள்ளிகளை இணைத்து எழுதும் தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்துக் காரின் ஜேம்ஸ் குழுவினர் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைகள் சில எழுத்துகளைப் பார்த்துத் தாமாக எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிமேல் எழுதினார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு ஸ்கேன் கருவிக்குள் அந்த எழுத்துகளைக் காட்டினார்கள். வாசிப்புக்கான மூளைப் பகுதிகள் தாமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் விழித்துக்கொண்டன. கோணலும் மாணலுமாகப் பிள்ளை தானே போட்ட எழுத்து, புள்ளிமேல் ஓட்டிய அழகான எழுத்தைவிட மேல் என்று நான் சொன்னால் இப்போது யாராவது கேட்கிறார்கள்.

எந்தக் கையால் எழுதுவது என்பதை நான்கு முதல் ஆறு வயதுக்குள் பிள்ளையே தீர்மானித்துக்கொள்ளும். இடது கைக்காரரை வலதுக்கு மாற்றுகிற வேலை வேண்டாம். பக்கத்தின் இடப்பாதியை இடக்கையாலும் வலப்பாதியை வலக்கையாலும் வரைந்து, நடுவில் கை மாற்றும் பிள்ளை என்றால் மட்டும் கவனிப்பேன். அது கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டப் பழகாததன் அடையாளமாக இருக்கலாம். வலப்பக்கத்துப் பொருளை இடக்கையால் எடுத்துப் போடும் விளையாட்டுகளும், சுவரில் படுத்த எட்டைப் பெரிதாக வரைவதும் உதவும்.

தொடு உணர்வில் இரண்டு வகைப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரு வகை எதையும் தொட்டே தீரும். இன்னொரு வகை பசையோ மணலோ கையில் பட்டால் அழுதுவிடும். இரண்டாவது வகைக்குக் கட்டாயம் உதவாது. பக்கத்தில் ஈரத்துணியை வைத்து, "பிடிக்கலைன்னா உடனே துடைச்சுக்கோ" என்று சொல்லி, முதலில் பிரஷ்ஷால் தடவவிட்டால் ஒருநாள் ஒரு விரல் தானாக உள்ளே போகும். பைக்குள் சாவி, பொத்தான், கரண்டி போட்டுப் பார்க்காமல் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது.

காது, கண் சோதனையைத்தான் எல்லாவற்றுக்கும் முதலில் வைக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத ஒரு சிறுமியை "தன் உலகத்தில் இருக்கிறாள்" என்று வீட்டிலேயே முடிவுகட்டியிருந்தார்கள். எதிரே நின்று பேசினால் பட்டென்று பதில் வரும். முதுகுப் பக்கம் நின்று மெல்லப் பேசினால் ஒன்றுமில்லை. அதிலும் ஒரு வாரம் கேட்கும், மறுவாரம் கேட்காது. இதனால்தான் வீட்டில் "அவளுக்கு வேணும்னா கேக்கும்" என்று சொல்லிவந்தார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தபோது இரண்டு நடுக்காதிலும் நீர் கோத்திருந்தது. சளி பிடித்தபின் சின்னப் பிள்ளைகளுக்கு இது சகஜம், வலி இல்லாததால் யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் நீடிக்கும். கேட்பது ஏறி இறங்கும்போது, உச்சரிப்பில் நெருங்கிய ஒலிகளைப் பிரித்தறிவது கஷ்டம், வாசிப்புக்கு அதுதானே அஸ்திவாரம். நீர் வடிந்தபின் அவள் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது.

கண் விஷயம் இதைவிட மறைவானது. மங்கலாகத் தெரிகிறது என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது, உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது, தாளை முகத்தருகே கொண்டுபோவது, பந்து வரும்போது கையை நீட்டத் தாமதிப்பது எல்லாம் தடயம். ஒரு கண் மட்டும் பலவீனமாக இருந்தால் வெளியே எதுவும் தெரியாமலும் போகும், எனவே ஐந்து வயதுக்குள் ஒருமுறை சோதித்தே ஆகவேண்டும்.

இத்தனை சொன்னபின் ஓர் எச்சரிக்கை. புலன்களும் கற்றலும் பின்னிப் பிணைந்தவை என்ற சிந்தனையை 1970-களில் பரவலாக்கியவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்ய உடம்பைப் பழக்கும் சிகிச்சையாளர். அதை ஒட்டி இன்று ஒரு பெரும் வியாபாரம் வளர்ந்திருக்கிறது. குறிப்பிட்ட அசைவுகளைத் தினமும் செய்தால் மூளையின் இருபக்கமும் இணைந்து வாசிப்பு வந்துவிடும் என்று வாக்குக் கொடுப்பவர்களிடம் பணத்தைக் கட்டாதீர்கள். கரடி நடை நடந்ததால் எந்தப் பிள்ளையும் படிக்கக் கற்றுக்கொண்டதில்லை. உட்கார, பார்க்க, கேட்க, பிடிக்க உடம்பு ஒத்துழைக்கும், அவ்வளவுதான். எழுத்தையும் ஒலியையும் நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வாய்ப்பும் நேரமும் கொடுத்துப் பார்த்த பின்னும் ஐந்து வயதுப் பிள்ளை அடிக்கடி விழுகிறது, பொத்தான் போட முடியவில்லை, பந்து பிடிக்க வரவில்லை, வரைவதைத் தவிர்க்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அசைவுகளை ஒருங்கிணைப்பதில் நிலையான சிரமம் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதத்தினருக்கு உண்டு. சோம்பலோ வளர்ப்புக் குறையோ அல்ல. குழந்தை மருத்துவரிடமோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ போகும்போது வெறுங்கையோடு போகாமல், பிள்ளை வரையும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு சிறு வீடியோ, படி இறங்கும் ஒரு வீடியோ, தேதி போட்ட இரண்டு மூன்று ஓவியங்கள், காது கண் சோதனை முடிவு இவற்றைக் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எதையும் செய்துகாட்டாது. வீட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்தால் அவர்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.